பரணில் கிடைத்த காற்றுத் துப்பாக்கி

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். செம்பனை ஆலையில் ஃபிட்டராக வேலை செய்கிறேன். என் தாத்தா அந்தக் காலத்துக் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர். வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பியபோது அவரிடம் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் பழைய வீட்டின் கூரையை மாற்றியபோது, பரணில் சாக்குக்குள் சுற்றி வைத்திருந்த அது கிடைத்தது. கூடவே ஒரு தகர டப்பியில் பாதியளவு ஈயக் குண்டுகள். குழலை மடக்கி இழுக்கும் வகைத் துப்பாக்கி. வேலை செய்கிறது, ஆனால் வேகம் இல்லை. பத்தடி தூரத்து மைலோ டின்னில் பட்டுக் குண்டு கீழே விழுந்துவிடுகிறது. காணொளிகளில் ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். எங்கள் பட்டறையில் லேத் இருக்கிறது. பிஸ்டனும் வாஷரும் நானே செய்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் பையன்களோடு டின் சுடவும், வாழைத்தாரைப் பிய்த்துப் போடும் குரங்குகளை விரட்டவும்தான் கேட்கிறேன். எவ்வளவு வேகம் வைக்கலாம்? "இதற்கும் லைசென்ஸ் வேண்டாமா?" என்று மனைவி பயப்படுகிறாள். காற்றுத் துப்பாக்கிக்குமா லைசென்ஸ்?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் மனைவி பயப்படுவது நியாயம். கடிதத்தின் கடைசியில் நீங்கள் எழுதிய கேள்வியைத்தான் அவர் முதலில் கேட்டிருக்கிறார். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆம், காற்றுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்ற சொல்லுக்கு விளக்கம் தரும் பிரிவிலேயே காற்றுத் துப்பாக்கியையும் காற்றுக் கைத்துப்பாக்கியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வெடிமருந்து இல்லை, விளையாட்டுப் பொருள்தானே, பழையதுதானே, வேகம் இல்லையே என்று வாதாட அந்த வரி இடம் வைக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஆயுதத்தையோ அதற்கான குண்டுகளையோ வைத்திருந்தால் ஏழாண்டுவரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தத் தகர டப்பியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

இதே விளக்கத்தில் இன்னொரு சொற்றொடரும் இருக்கிறது. உங்களைப் போன்ற கைவேலைக்காரர்கள் அதைக் கவனிக்க வேண்டும். ஆயுதத்தின் எந்த ஓர் உறுப்பும் ஆயுதமே என்கிறது சட்டம். கழற்றிப் போட்டால் இரும்புத் துண்டுதானே என்று பலர் நினைக்கிறார்கள். குழலைத் தனியாக ஒரு மூலையிலும் கட்டையைத் தனியாக இன்னொரு மூலையிலும் வைத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று என் வழக்கறிஞர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து சொன்னவர்கள் உண்டு. தப்பிக்க முடியாது.

இந்த விளக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் லேத்தைப் பாருங்கள். காற்றுத் துப்பாக்கிக்கென்று நீங்கள் கடைந்தெடுக்கும் பிஸ்டன் அதன் ஓர் உறுப்பு. அப்படியானால் நீங்கள் செய்தது பழுதுபார்ப்பா, தயாரிப்பா? லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் தயாரிப்பவருக்கு இந்தச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை, வைத்திருப்பவருக்கான தண்டனையைவிடப் பல மடங்கு கடுமையானது. ஒரு பிஸ்டனுக்காக நீதிமன்றம் அந்தப் பிரிவுவரை போகும் என்று உங்களைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. போகாது என்று உறுதி சொல்லவும் மாட்டேன். அந்த வாதம் உங்கள் பெயரைத் தாங்கிய வழக்குக் கோப்பில் நடக்கக்கூடாது என்பதுதான் என் கவலை. ஆலையின் பட்டறையில், ஆலையின் இயந்திரத்தில், வேலை நேரத்தில் அதைச் செய்தால் உங்கள் வேலையும் மேற்பார்வையாளரின் பெயரும் சேர்ந்தே இழுபடும்.

நீங்கள் எழுதியதில் சில வரிகளை இங்கே வெளியிடாமல் நீக்கியிருக்கிறேன். எத்தனை முறை சுட்டுப் பார்த்தீர்கள், யார் யாரிடம் காட்டினீர்கள் என்ற விவரங்கள் அவை. அவற்றை ஒரு வழக்கறிஞரிடம் நேரில் சொல்லுங்கள். பத்திரிகைக்கு எழுத வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் படம் போடவும் வேண்டாம்.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் குற்றவியல் வழக்குகளை நடத்துகிறேன். வார இறுதியில் கிளப்பில் காற்றுத் துப்பாக்கி சுடுகிறவனும்தான். ஆகையால் சட்டத்தைச் சொல்லி வாயை அடைத்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்ட இயந்திரக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பதிலும் உங்களை அதே இடத்துக்குத்தான் கொண்டுவரும்.

குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய், ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு, விசையின் (டிரிகரின்) கொக்கியில் மாட்டி நிற்கிறது. விசையை இழுத்ததும் கொக்கி விடுகிறது. பிஸ்டன் முன்னால் பாய்ந்து அறையிலுள்ள காற்றை ஒரு நொடியின் மிகச் சிறு பங்குக்குள் நெரிக்கிறது. அந்தக் காற்று ஒரு சிறு துளை வழியாகக் குண்டின் பின்புறத்தைத் தள்ளுகிறது. ஆக, குண்டைத் தள்ளுவது காற்று. ஸ்பிரிங் காற்றை மட்டும்தான் தள்ளுகிறது. அறையின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவு காற்றுதான் கிடைக்கும். அதற்கு மேல் எவ்வளவு கனமான ஸ்பிரிங்கைப் போட்டாலும் குண்டுக்குப் போகும் வேகம் கொஞ்சம்தான் கூடும். மிச்ச விசையெல்லாம் பிஸ்டனை அறையின் முன்சுவரில் கொண்டுபோய் மோதும். கட்டை அதிரும், திருகுகள் கழலும், குறி கலையும்.

ஐம்பது வருடத் துப்பாக்கி வேகம் இழந்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங்காக இருப்பதில்லை. அந்தக் காலத்துப் பிஸ்டன்களில் தோல் வாஷர் இருக்கும். பரணின் வெப்பத்தில் அது காய்ந்து சுருங்கிவிடும், காற்று பக்கவாட்டில் கசியும். குழல் மடங்கும் இடத்திலுள்ள வாஷரும் அப்படித்தான். சிலர் இதற்கு வைத்தியமாக எண்ணெயை ஊற்றுகிறார்கள். சுட்டதும் 'டமார்' என்று சத்தம் வரும், குழலில் புகை வரும், குண்டு பலகையைத் துளைக்கும். வேகம் வந்துவிட்டது என்று மகிழ்வார்கள். உண்மையில் நடந்தது வேறு. நெரிபட்ட காற்றின் வெப்பத்தில், டீசல் இஞ்சினுக்குள் நடப்பதைப் போல, அந்த எண்ணெய் பற்றி எரிந்திருக்கிறது. அந்த வெடிப்பைத் தாங்குவதற்கென்று துப்பாக்கியை யாரும் செய்யவில்லை. ஸ்பிரிங் உடையும், வாஷர் கருகும், சில வேளைகளில் அதைவிடப் பெரிய சேதமும் நேரும்.

ஃபிட்டரான உங்களுக்கு நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது அந்தக் கொக்கியைப் பற்றி. அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கின் முழு விசையையும் பிடித்து நிற்பது நகக்கணு அளவே உள்ள ஓர் உலோக விளிம்பு. ஐம்பது ஆண்டுகளில் அது தேய்ந்திருக்கும். அதன் மேல் புதிய, கனமான ஸ்பிரிங்கைப் போட்டு, குண்டு வைப்பதற்காக விரல் குழலின் வாயில் இருக்கும்போது கொக்கி நழுவினால், மடங்கிய குழல் அடித்து மூடும். அந்த இடத்தில் விரல் இருந்தால் விரல் போகும். இதற்காகத்தான் பழக்கப்பட்டவர்கள் குண்டு வைக்கும்போது ஒரு கையால் குழலை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். கழற்றும்போதும் அபாயம் உண்டு. உள்ளே ஸ்பிரிங் எப்போதும் ஓரளவு அழுத்தத்தில்தான் இருக்கும். ஆணியை உருவியதும் முகத்துக்கு நேராகப் பாயும்.

இப்போது 'எவ்வளவு' என்ற கேள்விக்கு வருவோம். ஆற்றலின் கணக்கு வேகத்தின் வர்க்கத்தில் போகிறது. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு அரை கிராமுக்குச் சற்றே கூடுதல் எடை. அது நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் சுமார் 7.5 ஜூல். வேகத்தை 250 மீட்டராக்கினால், அதாவது பாதியளவுக்கும் குறைவாகவே கூட்டினால், ஆற்றல் 16 ஜூலைத் தாண்டி இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். 'கொஞ்சம் கூட்டினேன்' என்று கை சொல்லும். குண்டு அந்தக் கணக்கில் போவதில்லை.

இந்த 7.5 ஜூல் என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிக்கு உலகின் மிகச் சிறந்தவர்கள் எடுத்துவரும் துப்பாக்கியின் ஆற்றல் ஏறத்தாழ அவ்வளவுதான். பத்து மீட்டர் தூரத்தில் அவர்கள் சுடும் இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர் அகலம், பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. 2012இல் லண்டனில் நம் நாட்டின் நூர் சூர்யானி தைபி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டது இந்தப் போட்டியில்தான். பொழுதுபோக்காகச் சுடுகிறவருக்கு அதிர்வு குறைந்த, மெதுவான துப்பாக்கிதான் நல்ல துப்பாக்கி. கனமான ஸ்பிரிங்கை மாட்டி டின்னைத் துளைப்பதில் சுடும் திறமை எதுவும் இல்லை. பத்துக் குண்டையும் ஒரே ஓட்டையில் போடுவதில்தான் இருக்கிறது. அதை உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நானும் மனமார விரும்புகிறேன்.

நீங்கள் பார்த்த காணொளிகள் எந்த நாட்டிலிருந்து வருகின்றன என்று கவனித்தீர்களா? அமெரிக்காவின் மத்தியச் சட்டம் காற்றுத் துப்பாக்கியைத் துப்பாக்கி என்றே கருதுவதில்லை. ஜெர்மனியில் 7.5 ஜூலுக்கு உட்பட்டதில் ஐங்கோணத்துக்குள் ஒரு எழுத்தைப் பொறித்திருப்பார்கள். பதினெட்டு வயதானவர் அதைக் கடையில் வாங்கலாம். இங்கிலாந்தில் நீளத் துப்பாக்கிக்கு 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூலுக்குச் சற்று மேல்வரை சான்றிதழ் தேவையில்லை. அங்கேயும் ஸ்பிரிங்கை மாற்றி அந்தக் கோட்டைத் தாண்டினால் அது சான்றிதழ் இல்லாத துப்பாக்கியாகிவிடும். அதனால்தான் அங்குள்ளவர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வேகம் அளக்கும் கருவியில் சுட்டுப் பார்க்கிறார்கள். பக்கத்து ஸ்காட்லாந்திலோ 2016இன் கடைசி நாளிலிருந்து அந்தக் கோட்டுக்கு உட்பட்ட துப்பாக்கிக்கே சான்றிதழ் வேண்டும். காணொளியில் பேசுகிறவர் தன் நாட்டுச் சட்டத்துக்குள் நின்று பேசுகிறார். அவர் உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் நம் நாட்டில் ஜூல் கணக்கெல்லாம் கேட்கமாட்டார்கள். லைசென்ஸ் இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான்.

ஏன் இவ்வளவு கடுமை என்று இளையவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நம் ஊர்க்காரர்கள் அதைக் கேட்கத் தேவையில்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து வந்த அவசரகாலம் 1960 ஜூலைவரை நீடித்தது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட காலம் அது. உங்கள் தாத்தாவின் தலைமுறை அந்தப் பயத்துக்குள் காலையில் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய் மாலையில் லயம் எனும் வரிசை வீட்டுக்குத் திரும்பியது. அவசரகாலம் முடிந்த அதே ஆண்டில் எழுதப்பட்டதுதான் இன்றும் நடப்பில் உள்ள ஆயுதச் சட்டம். உங்கள் தாத்தா அந்தத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவைத்து, யாரிடமும் பேசாமல் போனதற்குக் காரணம் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

'பத்தடியில் டின்னில் பட்டுக் கீழே விழுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. டின்னைத் துளைக்காத குண்டு கண்ணைக் கெடுக்கும். தோலைக் கிழிக்கத் தேவைப்படும் வேகத்தைவிடக் கண்ணைக் கெடுக்கத் தேவைப்படும் வேகம் மிகக் குறைவு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனின் குடும்பத்துக்காக வழக்காடினேன். பக்கத்து வீட்டு அண்ணன் சுவரோரம் டின் வைத்துச் சுட்டிருக்கிறான். குண்டு டின்னின் விளிம்பில் பட்டுத் திரும்பி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற பையனின் இடது கண்ணில் பட்டது. பையனுக்கு அப்போது ஒன்பது வயது. சுட்டவனுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம், கோயில் திருவிழாவில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன். இரண்டு குடும்பங்களும் ஒரே லயத்தில் இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவை. வழக்கு முடிந்தபோது ஒரு குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. அந்தத் துப்பாக்கியும் 'வேகம் இல்லாத' துப்பாக்கிதான்.

வீட்டுக்குப் பின்னால் என்கிறீர்கள். பின்னால் என்ன இருக்கிறது? செம்பனை வரிசை என்றால் அதற்குள் குலை வெட்டுகிறவர் இருப்பார், உதிரிப்பழம் பொறுக்குகிற அம்மா குனிந்திருப்பார். இலைகளுக்கு அப்பால் அவர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். சில அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் தங்கள் காற்றுத் துப்பாக்கிப் பெட்டியிலேயே 400 கெஜம்வரை ஆபத்து என்று அச்சிடுகிறார்கள். நம் லயத்து வரிசைகளுக்கு இடையே அவ்வளவு வெற்றிடம் எங்கே இருக்கிறது? பழைய டயரைப் பின்னால் நிறுத்தினால் குண்டு நின்றுவிடும் என்று பட்டறைக்காரர்கள் நினைப்பதுண்டு. ரப்பர் குண்டை அப்படியே திருப்பி அனுப்பும்.

குரங்கு விஷயத்தில் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. முற்றின தாரை ஒரே காலையில் பிய்த்துப் போட்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் நம் தோட்டங்களுக்கு வரும் அந்த நீளவால் குரங்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அனுமதியில்லாமல் அதைச் சுடுவது தனிக் குற்றம். விலங்கை வதைத்தால் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி 20,000 ரிங்கிட்டில் தொடங்கி 100,000 ரிங்கிட்வரை அபராதம் போகும், மூன்றாண்டுவரை சிறையும் உண்டு. காற்றுத் துப்பாக்கி பெரும்பாலும் குரங்கைக் கொல்லாது. காயப்படுத்தும். காயம்பட்ட ஆண் குரங்கு கூட்டத்தோடு ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள். அது திரும்பி வரும் நாளில் முற்றத்தில் நிற்பது உங்கள் சின்ன மகனாக இருக்கலாம்.

வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கூண்டு வைப்பது அவர்கள் வேலை. உங்கள் ஒரு வீடு மட்டும் எழுதினால் தாமதமாகலாம், லயத்தில் பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதுவரை தார் இறங்கி, பூ ஒடித்ததுமே உரச்சாக்கை மாட்டி அடியில் கட்டிவிடுங்கள். பழுக்கும்வரை மரத்தில் விடாமல், காய் திரண்டதும் வெட்டி வீட்டுக்குள் தொங்கவிடுங்கள். கூரைமேல் சாயும் கிளையை வெட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் குப்பைத் தொட்டியை மூடுங்கள். குரங்கு வாழைக்காக வருகிறது என்று நாம் நினைக்கிறோம். பல லயங்களில் அது முதலில் வந்தது மிச்சச் சோற்றுக்காக.

இனி அந்தத் துப்பாக்கியை என்ன செய்வது? இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

லைசென்ஸ் ஒரு மனிதரின் பெயருக்குக் கொடுக்கப்படுவது. வீட்டையோ நிலத்தையோ போல அது பேரனுக்கு இறங்காது. தாத்தாவிடம் ஒருகாலத்தில் லைசென்ஸ் இருந்திருந்தாலும் அவர் காலமானதோடு அதன் காலமும் முடிந்தது. பரணில் அது இருப்பது உங்களுக்குத் தெரியாதவரை உங்கள் நிலை வேறு. சாக்கைப் பிரித்துப் பார்த்த நாள்முதல் வேறு. இன்னும் ஒரு மாதம் யோசிக்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். நீங்களாகச் சென்று தெரிவித்தீர்களா, அல்லது யாரோ சொல்லி அவர்கள் வந்து எடுத்தார்களா என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

அதற்காக இன்றே அதைக் கையில் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் காவல் நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். வழியில் ஒரு சாலைத் தடுப்பில் நிறுத்தினால், ஒப்படைக்கத்தான் போகிறேன் என்பதை நீங்கள் அங்கேயே நின்று நிரூபிக்க வேண்டியிருக்கும். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதியில்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. அவர் மாவட்டக் காவல் தலைமையகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்களே வந்து எடுத்துச்செல்ல நாள் குறிப்பார். அதுவரை துப்பாக்கியை இடம் மாற்றாதீர்கள், துடைக்காதீர்கள், கழற்றாதீர்கள். பட்டறை நண்பரிடம் கொடுத்து வைக்கவே வேண்டாம், அவரும் உங்கள் வழக்குக்குள் வந்துவிடுவார். ஆற்றில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மழையில் கரையொதுங்கி இன்னொருவர் வீட்டுப் பையன் கையில் கிடைக்கும்.

தாத்தாவின் நினைவுப்பொருளை உங்கள் பெயரில் வைத்திருக்க முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். விண்ணப்பிக்கலாம். மாவட்டக் காவல் அலுவலகம் வழியாக மாநிலக் காவல்துறைத் தலைவருக்குப் போகும். கொடுப்பதும் மறுப்பதும் அவர் முடிவு, தகுந்த காரணமும் காட்ட வேண்டும். 'டின் சுட' என்பது காரணமாகாது. இதில் நம்பிக்கை கொடுத்து உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பதில்லை. அப்படியே கிடைத்தாலும், வாஷரை மாற்றும் சிறு வேலையைக்கூட லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கூட்டுவதை அப்போதும் வேண்டாம் என்றே சொல்வேன். பழைய துப்பாக்கியை அது பிறந்தபோது இருந்த அளவுக்குக் கீழே வைத்துச் சுடுங்கள், மேலே ஏற்றாதீர்கள்.

பையன்களுக்குச் சுட ஆசை இருந்தால் அதைக் கெடுத்துவிடாதீர்கள், தம்பி. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கண் கூர்மையும் பொறுமையும் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு நாட்டில் சங்கங்கள் இருக்கின்றன. கிளப்புகளில் துப்பாக்கி கிளப்பின் லைசென்ஸில் இருக்கும், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்பார், பின்சுவர் சரியாக இருக்கும், கண்ணாடி இல்லாமல் வரிசைக்குள் விடமாட்டார்கள். உங்கள் பெரிய மகனுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று என்றால் ஈப்போ பக்கம் விசாரித்துப் பாருங்கள். முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளைகள் எதையும் தின்னக்கூடாது என்பதையும் அங்கே முதல் பாடமாகச் சொல்லித்தருவார்கள். அந்தத் தகர டப்பியைத் திறந்த அன்று உங்கள் பிள்ளைகள் கை கழுவினார்களா?

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது தாத்தாவின் இறப்புச் சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள். கூரை மாற்றிய ரசீது இருந்தால் அதையும் எடுங்கள், துப்பாக்கி எப்போது கண்ணில் பட்டது என்பதற்கு அது சாட்சி. கிராணிகள் எல்லாத் தாளையும் பத்திரப்படுத்தும் பழக்கமுள்ளவர்கள். தாத்தாவின் இரும்புப் பெட்டி எந்த அத்தை வீட்டிலாவது இருக்கும். அதில் பழைய லைசென்ஸ் புத்தகமோ, துரை எழுதிக் கொடுத்த கடிதமோ இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். துப்பாக்கி போன பிறகு உங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட அந்தக் கடிதம் வீட்டில் இருக்கட்டும்.